சோகநாசினிக் கரையில் எழுத்தச்சன்

நம் ஆடி மாதத்தைக் கேரளத்தில் கர்க்கடகம் என்பர். தென்மேற்குப் பருவமழை விடாது பொழியும் காலம் அது. வயல் வேலை ஓய்ந்து, பத்தாயத்தில் நெல்லும் குறைந்து, நோயும் வாட்டமும் மிகும் அம்மாதத்தின் மாலைப் பொழுதுகளில் வீடுதோறும் விளக்கேற்றி வைத்து, அதன்முன் பெரியவர் ஒருவர் அமர்ந்து இராமாயணம் படிப்பார். வீட்டார் சூழ்ந்திருந்து கேட்பர். மாத முதல் நாளில் தொடங்கிய பாராயணம் கடைசி நாளில் பட்டாபிஷேகத்தோடு நிறைவுறும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பெறும் நூல் ‘அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு’. அதை அருளியவர் துஞ்சத்து இராமானுஜன் எழுத்தச்சன். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இம்மகானை மலையாள மொழியின் தந்தை என்று அம்மக்கள் கொண்டாடுகின்றனர்.

அவருடைய கவித்திறனைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். அவர் தம் இறுதிக் காலத்தை எங்கே, எவ்வாறு கழித்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தோல் சுருங்குவதையும், தலை நரைப்பதையும், மகனுக்கு மகன் பிறந்ததையும் காணும் இல்லறத்தான் காட்டை நாடிச் செல்ல வேண்டும் என்று மனுஸ்மிருதி விதிக்கிறது. எந்தக் காடு, எந்த ஊர் என்பதை அது தேடுகிறவனுக்கே விட்டுவிடுகிறது. எழுத்தச்சன் தமக்கெனத் தேர்ந்துகொண்ட ஊர், அக்காலத்தில் யாரும் தேடிப் போகாத ஓர் எல்லைக் கிராமம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டின் வாசலில் உள்ள அவ்வூருக்கு அவர் சென்ற வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

துஞ்சன் பறம்பு

இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் திரூர் நகரை ஒட்டித் திருக்கண்டியூர் என்னும் ஊர் உள்ளது. பழமையான சிவாலயம் ஒன்று அங்கே விளங்குகிறது. பாரதப்புழை கடலில் கலக்கும் பொன்னானியும், அவ்வாற்றங்கரையில் நாவா முகுந்தன் கோயில் கொண்டுள்ள திருநாவாயும் அங்கிருந்து தொலைவில் இல்லை. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருநாவாய் அதுவே. எழுத்தச்சன் பிறந்த மனை ‘துஞ்சன் பறம்பு’ என்று வழங்குகிறது. பறம்பு என்பது வீடும் மரங்களும் சூழ்ந்த நிலப்பகுதியைக் குறிக்கும் மலையாளச் சொல்.

வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்ட குலத்தில் அவர் தோன்றினார். அவரது இளமையைப் பற்றி மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. சிறுவனாக இருந்தபோது கோயிலில் அந்தணர்கள் வேதம் ஓதுவதைக் கேட்ட அவர், அதிலுள்ள பிழைகளைப் பலரறியச் சுட்டிக் காட்டினாராம். வெட்கமும் சினமும் கொண்ட அவர்கள் மந்திரித்த வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்து உண்ணச் செய்ய, சிறுவனின் பேச்சு நின்று போயிற்றாம். பின்னர் தந்தையார் மாற்று மருந்தளித்து அவரை மீட்டார் என்று கதை முடிகிறது. வரலாறாகக் கொள்ளத்தக்க கதையன்று இது. எனினும் ஒரு நாட்டின் மொழிக்கே வாய்திறந்து வைத்தவரின் வாயை அடைக்க முயன்றனர் என்று அந்நாட்டு மக்களே கதை சொல்லி வருகிறார்கள். அச்சமூகத்தின் மனச்சாட்சி அக்கதையில் பேசுகிறது என்று கொள்வது தவறாகாது.

எழுத்தச்சன் என்பது அவருடைய இயற்பெயர் அன்று. எழுத்து கற்பிக்கும் தந்தை என்ற பொருளில் கிராமத்து ஆசிரியர்களுக்கு வழங்கிய பட்டம் அது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் போலவே அங்கும் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினர். அத்தகைய பள்ளி ஒன்றைத் திருக்கண்டியூரில் நடத்தியவர் அவர். அவ்வூர் கல்வியில் சிறந்த ஊர். சோதிடத்திலும் கணிதத்திலும் வல்லவரான அச்யுத பிஷாரடி அங்கு வாழ்ந்தவரே. அவரிடம் பயின்றவர் ‘நாராயணீயம்’ பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி. பண்டிதர்கள் நிறைந்த அச்சூழலில் எழுத்தச்சன் எடுத்துக்கொண்ட பணி எளியவர்களின் பிள்ளைகளுக்கு அகரம் கற்பிப்பது.

துஞ்சன் பறம்பில் ஓர் எட்டி மரம் நிற்கிறது. மலையாளத்தில் காஞ்ஞிரம் என்பர். எட்டியின் கசப்பு உலகறிந்தது. ஆயினும் எழுத்தச்சன் அமர்ந்து பாடம் சொன்ன நிழல் என்பதால் அம்மரத்தின் இலையும் காயும் கசப்பதில்லை என்று அப்பகுதி மக்கள் நம்புகின்றனர்.

எழுத்தும் கிளியும்

இளமையில் அவர் ஊரை விட்டுப் புறப்பட்டுத் தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் நெடுங்காலம் சுற்றித் திரிந்து கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடைய பிற்காலப் பணியைப் பார்த்தால் இச்செய்தி மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. அக்காலக் கேரளத்தில் வட்டெழுத்தே பெருவழக்காக இருந்தது. தமிழ் ஒலிகளுக்குப் போதுமான அவ்வெழுத்தில் வடமொழி ஒலிகள் பலவற்றை எழுத இயலாது. தமிழ்நாட்டில் வடமொழியை எழுதுவதற்கு வழங்கிய கிரந்த எழுத்திலிருந்து உருவான ‘ஆரிய எழுத்து’ கேரளத்தில் ஒரு சிலரிடம் மட்டும் புழங்கி வந்தது. அதனை 51 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்காக ஊரறியச் செய்த பெருமையைக் கேரள மரபு எழுத்தச்சனுக்கே அளிக்கிறது. எழுத்தை ஒரே மனிதர் படைத்துவிட்டார் என்பது மிகை. அவர் கவிதையின் பெருவழக்கால் அவ்வெழுத்து வீடுதோறும் நுழைந்தது என்பதே உண்மைக்கு நெருக்கமானது. ஓலைச்சுவடியில் இராமாயணம் படிக்க விரும்பிய ஒவ்வொருவரும் அவ்வெழுத்தைக் கற்றாக வேண்டியிருந்தது.

இராம காதை கேரளத்துக்குப் புதியதன்று. தமிழ் எழுத்துகளின் எல்லைக்குள் நின்று பாடப்பட்ட ‘ராமசரிதம்’ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. நிரணம் ஊர்க் கவிஞர்களின் கண்ணச்ச ராமாயணமும் இருந்தது. மறுபுறம், வடமொழியும் நாட்டு மொழியும் மணியும் பவளமுமாகக் கோத்த மணிப்பிரவாளத்தில் கவிஞர்கள் பெரும்பாலும் சிருங்காரத்தையே பாடிக்கொண்டிருந்தனர். எழுத்தச்சன் மணிப்பிரவாளத்தின் வளத்தையும் பழம்பாட்டின் எளிமையையும் ஒன்றாகப் பிணைத்தார். கிளி ஒன்றை அழைத்து அமர்த்தி, உபசரித்து, பகவானின் கதையைச் சொல்லுமாறு வேண்ட, அது பாடுவதாக அமைவது கிளிப்பாட்டு. தமிழ் அன்பர்களுக்கு ஆண்டாளின் திருக்கையில் அமர்ந்த கிளியும், மதுரை மீனாட்சியின் கிளியும் நினைவுக்கு வரலாம். பாகவதம் சொன்ன சுகரின் பெயருக்கே கிளி என்பதுதான் பொருள். கவி தம்மைப் பின்னே நிறுத்திக்கொண்டு ஒரு பறவையின் வாயால் பேசுவதில் அடக்கமும் உண்டு, ஒருவகை முன்னெச்சரிக்கையும் உண்டு. சாஸ்திரம் சொல்ல உனக்கு என்ன அதிகாரம் என்று கேட்பவர்கள் கிளியிடம்தானே கேட்க வேண்டும்!

வால்மீகியின் காவியத்தை விடுத்து அவர் வடமொழி அத்யாத்ம ராமாயணத்தை எடுத்துக்கொண்டது தற்செயல் அன்று. சிவபெருமான் உமைக்கு உரைப்பதாக அமைந்த அந்நூலில் இராமன் பரம்பொருளாகவே விளங்குகிறான். கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் வேதாந்தம் விளக்கப்படுகிறது. காடு செல்லப் பணிக்கப்பட்ட இராமன், கைகேயி மீதும் தந்தை மீதும் கொதித்தெழுந்த இலக்குவனை அமர்த்தி, உடலின் நிலையாமையையும் சினத்தின் கேட்டையும் எடுத்துரைக்கும் பகுதி கேரளத்தில் பலருக்கு மனப்பாடம். உபநிடதம் ஓத உரிமையற்றோர் என ஒதுக்கப்பட்ட வீடுகளுக்குள் உபநிடதத்தின் பொருள் இவ்வாறு பாட்டாக நுழைந்தது. இலட்சம் சுலோகங்கள் கொண்ட மகாபாரதத்தையும் அவர் சுருக்கிக் கிளிப்பாட்டாகத் தந்தார். கவித்திறத்தில் இராமாயணத்தைவிட பாரதமே உயர்ந்தது என்று சொல்லும் ரசிகர்கள் பலர்.

பாரத நாடெங்கும் அந்நூற்றாண்டில் இதே அலை எழுந்திருந்தது. 1574-இல் துளசிதாசர் அயோத்தியில் ராமசரிதமானஸைத் தொடங்கினார். பைடணில் ஏகநாதர் மராத்தியில் பாகவதத்துக்கு விளக்கம் தந்தார். கன்னட நாட்டில் புரந்தரதாசரும் கனகதாசரும் பாடித் திரிந்தனர். ஒருவரை ஒருவர் அறியாமலே இவர்கள் அனைவரும் இறைவனின் கதையை வீட்டுமொழிக்குக் கொண்டுவந்தனர்.

புகழ் வந்ததும் ஏளனமும் உடன் வந்தது. அவர் குலத்தைச் சுட்டிக்காட்ட விரும்பிய சிலர், உம்முடைய செக்கில் என்ன ஆடும் என்று வினவியதாகவும், நான்கும் ஆறும் ஆடும் என்று அவர் விடையிறுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. நான்கு வேதங்களும் ஆறு சாஸ்திரங்களும் என்பது பொருள். வாதநோயால் துன்புற்ற மேல்பத்தூர் பட்டதிரி குணமடைய வழிகேட்டு ஆளனுப்பியபோது, மீனிலிருந்து தொடங்கச் சொல் என்று எழுத்தச்சன் சொல்லியனுப்பினார் என்பது மற்றொரு கதை. ஆசாரமிக்க நம்பூதிரிக்கு மீன் உண்ணச் சொல்வதா என்று சுற்றியிருந்தோர் சீற, பட்டதிரியோ குறிப்பை உணர்ந்து மச்சாவதாரம் முதற்கொண்டு குருவாயூரப்பனைப் பாடத் தொடங்கினாராம். நூறு தசகங்கள் கொண்ட நாராயணீயம் 1586-இல் நிறைவெய்தியது. இவ்விரு கதைகளிலும் எழுத்தச்சன் எவரையும் எதிர்த்துப் போராடவில்லை. இழிவாகக் கருதப்பட்ட சொல்லையே எடுத்து உயர்ந்த பொருளில் திருப்பித் தருகிறார்.

ஆரவாரத்தின் நடுவே

அவர் வாழ்ந்த கடற்கரை நாடு அமைதியாக இல்லை. 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய பின் மிளகு வாணிகத்துக்காக இடைவிடாத போர் மூண்டது. 1507-இல் போர்ச்சுகீசியர் பொன்னானியைத் தாக்கினர். 1531-இல் சாலியத்தில் கோட்டை கட்டினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1571-இல் சாமூதிரி மன்னரின் படை அதை முற்றுகையிட்டுத் தரைமட்டமாக்கியது. பொன்னானியைச் சேர்ந்த இஸ்லாமிய அறிஞர் சைனுத்தீன் மக்தூம் இப்போர்களின் துயரத்தை அரபு மொழியில் நூலாக எழுதி வைத்தார்.

உள்நாட்டிலும் வாள் ஓயவில்லை. திருநாவாயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமாங்கம் கூடும். ஆற்று மணலில் மேடையமைத்துச் சாமூதிரி வீற்றிருக்க, தம் அரசன் இழந்த உரிமையை மீட்பதற்காக வள்ளுவநாட்டு வீரர்கள் சிலர், இறப்பது உறுதி என்று அறிந்தே, பெரும்படையை ஊடுருவிச் சாமூதிரியை நோக்கிப் பாய்வர். ஒவ்வொரு முறையும் அவர்கள் வெட்டுண்டு வீழ்ந்தனர். பாரதப் போரைப் பாடிய கவி, தம் வீட்டுக்கு அருகிலேயே அதன் சிறு வடிவத்தைக் கண்டிருந்தார்.

இதற்கிடையில் பள்ளியும் மாணவர்களும் புகழும் பெருகின. பிரதி எடுக்க ஓலையோடு வருவோர், ஐயம் கேட்க வருவோர், குறைகாண வருவோர் என்று துஞ்சன் பறம்பின் வாசல் நிறைந்திருக்கும் என ஊகிப்பது கடினமன்று. முதுமையில் அவர் அதை விட்டுப் புறப்பட்டார். பிறந்த மனையையும், தாம் வளர்த்த பள்ளியையும், தம் பேச்சின் நுட்பம் முழுவதும் புரிந்த ஊரையும் விட்டுச் செல்வது சிறிய துறவு அன்று. எழுத்தையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு வாசகரைத் துறப்பது செல்வத்தைத் துறப்பதைவிடக் கடினம்.

ஆற்றின் மேல்நிலை

முதுமையில் இறைநாட்டம் கொண்டோர் நாடிச் செல்லும் இடங்கள் நம் நாட்டில் என்றும் உண்டு. துளசிதாசர் காசியின் அஸி கட்டத்தில் தங்கி அங்கேயே உடல் நீத்தார். எழுத்தச்சனுக்கும் காசியும் இராமேசுவரமும் எட்டாதவை அல்ல. அவர் முன்பே நெடுந்தொலைவு நடந்தவர். பக்கத்திலேயே குருவாயூர் இருந்தது. வழியில் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 15-ஆம் நூற்றாண்டிலேயே விசுவநாதர் கோயில் எழுந்து, காசியில் பாதி என்ற புகழையும் பெற்றிருந்தது. இவை எல்லாவற்றையும் கடந்து அவர் சென்ற ஊர் சித்தூர். ஆந்திர நாட்டுச் சித்தூரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலையாளத்தில் இதன் பெயரைச் ‘சிற்றூர்’ என்றே எழுதுவர். சிறிய ஊர் என்பதற்கு மேல் அப்பெயருக்குப் பொருள் தேட வேண்டியதில்லை.

மேற்குத்தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகன்று வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு முகப்பில், பாலக்காட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் உள்ளது சித்தூர். மழை வளம் மிக்க கடற்கரையிலிருந்து வருபவருக்கு இந்நிலம் வேற்று நாடாகவே தோன்றும். தென்னையின் இடத்தில் பனை வரிசைகள். பலாவும் மிளகுக் கொடியும் செழிக்கும் செம்மண்ணுக்குப் பதிலாகச் சில இடங்களில் கரிசல். கணவாய் வழியே வீசும் வறண்ட கீழைக்காற்று. சந்தையில் பாதிப் பேச்சு தமிழ். கொங்கு நாட்டுப் படையெடுப்பை ஊரார் முறியடித்ததன் நினைவாக ‘கொங்கன்படை’ என்னும் விழாவை இங்குள்ள பகவதி கோயிலில் மாசி மாதந்தோறும் இன்றும் நடத்துகின்றனர். எல்லை ஊர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிற்காலத்தில் சுற்றிலும் பிரிட்டிஷ் மலபார் சூழ, நடுவே கொச்சி அரசுக்கு உரிய தனித் துண்டாகவும் இவ்வூர் இருந்தது.

ஆனால் நீர்வழியாகப் பார்த்தால் இவ்வூர் எழுத்தச்சனுக்கு அந்நியமானதன்று. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறும் பாலாறும் கூடிச் சித்தூர்ப் புழையாகின்றன. அது பறளி என்னும் இடத்தில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகி, ஒற்றப்பாலம், ஷொரணூர், பட்டாம்பி வழியாகத் திருநாவாயைத் தழுவிப் பொன்னானியில் கடலை அடைகிறது. கழிமுகத்தின் அருகே பிறந்தவர் அதே ஆற்றின் மேல்நிலைக்கு, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கிழக்கே வந்து சேர்ந்தார். தாம் பிறந்த நாட்டின் மணலை நனைக்கப்போகும் நீர் முதலில் தம் ஆசிரமத்தின் படித்துறையைத் தொட்டுச் செல்லும் இடத்தில் அமர்ந்தார். இளமையில் தமிழ்நாட்டுக்குக் கல்வி தேடிச் சென்றவர் பெரும்பாலும் இக்கணவாய் வழியாகவே நடந்திருப்பார். கடந்து போன வழியில் கண்டு வைத்த இடம் ஒன்று முதுமையில் நினைவுக்கு வருவது மனித இயல்பே.

அவருடைய இராமாயணத்திலேயே இடம் தேடும் காட்சி ஒன்று உண்டு. காட்டுக்கு வந்த இராமன் வால்மீகி முனிவரைப் பணிந்து, சீதையோடு தாம் தங்கத் தக்க இடம் எது என்று கேட்கிறான். எல்லா உயிர்களும் தங்கும் இடமே நீதானே, உனக்கு நான் எங்கே இடம் காட்டுவது என்று வியக்கும் முனிவர், விருப்பு வெறுப்பு அற்றவர், அகந்தை இல்லாதவர், பிறர் துன்பம் உணர்ந்தவர் ஆகியோரின் இதயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவையே உனக்கு இல்லம் என்கிறார். அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே அழகிய ஓரிடத்தைக் காட்டவும் செய்கிறார். அங்கே குடில் அமைகிறது. உள்ளம் தூயதானால் எந்த இடமும் ஒன்றே என்று வேதாந்தம் பேசுவோர் சொல்வர். அது உண்மையே. ஆயினும் உடலோடு இருக்கும் வரை, நீரும் நிழலும் அமைதியும் உள்ள இடம் எது என்று பார்ப்பதும் விவேகமே என்பதை அக்காட்சி ஒப்புக்கொள்கிறது. அதை மலையாளத்தில் பாடிய கவி, தமக்கு முறை வந்தபோது மலையைக் காணக்கூடிய ஓர் ஆற்றங்கரையைத் தேர்ந்தார். சித்தூரைச் சித்திரகூடத்தோடு ஒலியொப்புமை கருதி இணைத்துப் பேசுவது மட்டும் தேவையற்ற ஆர்வம்.

குருமடம்

சுற்றமின்றி வந்த எழுத்தச்சனுடன் துணையாக இருந்தவர் சீடர் சூரியநாராயணன். ஊராருடைய உதவியுடன் ஆற்றங்கரையில் நிலம் பெறப்பட்டு ஆசிரமம் அமைந்தது. ராமானந்தாசிரமம் என்றும் குருமடம் என்றும் அது வழங்கிற்று. இராமனுக்கும் சிவனுக்கும் கோயில்கள் எழுந்தன. மடத்தின் முன்னே ஓர் அக்கிரகாரம் அமைக்கப்பட்டு, அவரைத் தொடர்ந்து வந்த பன்னிரண்டு அந்தணர்கள் அங்கே குடியேறினர் என்பது மரபு. தெக்கே கிராமம் எனப்படும் அப்பகுதியில் வீட்டு வரிசை இன்றும் காணப்படுகிறது.

இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வேதத்தைக் கேட்டுப் பிழை சொன்ன குற்றத்துக்காக வாயடைக்கப்பட்டதாக எவரைப் பற்றிக் கதை வழங்குகிறதோ, அவருடைய மடத்தின் வாசலில் பன்னிரண்டு அந்தணக் குடும்பங்கள் வாழ்ந்தன. காலையில் அவ்வீடுகளில் எழும் வேத ஒலி அவர் காதில் விழுந்திருக்கும். குலப்பெருமை பேசுவோருக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர் போல, அவர் அங்கே யாரையும் வெல்ல முயலவில்லை. அந்தணருக்கு அவர் குருவாக இருந்தார் என்பதைக் கொள்கையாக அறிவித்திருந்தால் அக்காலச் சமூகம் கொந்தளித்திருக்கும். ஒரு தெருவாக அமைத்துவிட்டபோது அது அமைதியாக நடந்தேறியது. சமூகக் கட்டுகள் முதிர்ந்து இறுகிய பழைய நிலத்தைவிட, பல மொழியினரும் வந்து குடியேறிக் கலந்த எல்லை நிலத்தில் இது எளிதாயிற்று என்றும் கருதலாம்.

தனிமை நாடிச் சென்றவர் ஓர் ஊரையே உண்டாக்கியது முரணாகத் தோன்றக்கூடும். ஆனால் நம் மரபில் ஏகாந்தம் என்பது ஆள் இல்லாமை அன்று. ஒரே முடிவை நோக்கிய நிலை அது. திருக்கண்டியூரில் அவர் கவி, ஆசிரியர், இன்ன குலத்தவர், இன்ன வீட்டார். சித்தூரில் அவர் இராமநாமம் சொல்லும் ஒரு முதியவர். கூப்பிடும் தூரத்தில் மனிதர்கள் இருந்தனர். எனினும் அவரைத் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடும் உறவு அருகில் இல்லை. இத்தகைய தனிமையைத் தேடுவோருக்கு அடர்ந்த காடும் பொருந்தாது, பெருநகரும் பொருந்தாது. தண்ணீர் உள்ள, அரிசி கிடைக்கும், விசாரணைகள் குறைந்த சிறிய ஊரே பொருந்தும். எழுத்தச்சன் தம் தேர்வில் உணர்ச்சிவசப்பட்டதாகத் தெரியவில்லை. ஆசிரியருக்கே உரிய நடைமுறை அறிவு அதில் தெரிகிறது.

மடத்தை ஒட்டி ஓடும் ஆற்றைச் சித்தூர் மக்கள் ‘சோகநாசினி’ என்பர். துயரத்தை அழிப்பவள் என்று பொருள். அப்பெயரை எழுத்தச்சனோடு சேர்த்துச் சொல்வது ஊர் வழக்கம். அவரது சமாதியும் அங்கேயே அமைந்தது. பிறந்த ஊருக்கு அவர் திரும்பவில்லை.

மடத்தின் தினசரி வழிபாட்டில் ஒரு குருவணக்கம் ஓதப்பெற்று வந்துள்ளது. துஞ்சத்து ஸ்ரீகுரு, கருணாகரன், சூரியநாராயணன், தேவகுரு, கோபாலகுரு என்று அதில் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வணக்கத்தில் கவிதை பற்றியோ எழுத்து பற்றியோ பேச்சில்லை. குரு என்ற ஒன்றே போதுமென்று அவர்கள் கருதினர் போலும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அவர் பெயர் நாடெங்கும் நிலைபெற்றது. கேரள அரசு தன் உயரிய இலக்கிய விருதை அவர் பெயரால் வழங்கி வருகிறது. 2012-இல் திரூரில் தொடங்கப்பட்ட மலையாளப் பல்கலைக்கழகமும் அவர் பெயர் தாங்கியது. விஜயதசமி நாளில் துஞ்சன் பறம்பில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அரிசியில் முதல் எழுத்தை எழுதுகின்றனர். சித்தூர் குருமடத்திலும் அந்நாளில் எழுத்தறிவித்தல் நடைபெறுகிறது. திரூரின் கூட்டம் இங்கில்லை.

சோகநாசினியின் நீர் இப்போது இரு மாநிலங்களின் கணக்குக்கு உட்பட்டது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காக 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி மணக்கடவு அணை வழியே ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பக்கம் விடப்பட வேண்டும். கோடையில் ஆற்றில் பாறையும் மணலும் நாணலும் தெரியும். ஆடி மாதத்தில் நீர் மீண்டும் வரும்.

பொள்ளாச்சியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ஒரு மணி நேரத்தில் அங்கு சென்றுவிடலாம். அக்கிரகாரத்து வீடுகளைக் கடந்து உள்ளே சென்றால், எழுத்தச்சன் வழிபட்டதாகச் சொல்லப்படும் ஸ்ரீசக்கரமும் விக்கிரகங்களும், பழைய ஓலைச்சுவடிகள் சிலவும் உள்ளன. அவற்றோடு ஓர் எழுத்தாணியும், ஒரு சோடி மர மிதியடியும் வைக்கப்பட்டுள்ளன.